ஒரு கரண்டி உறை

பச்சை மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தேன். காம்புகளைக் குப்பையில் போடாமல் ஒரு சிரட்டைக்குள் தனியே சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்பதைப் பாதி மிளகாய் முடிந்த பிறகுதான் கண்டேன். நீர் பழக்கிவிட்ட பழக்கம், அக்கா. நீர் போய் இரண்டு வருசமாகிறது. கை மட்டும் இன்னும் உம்முடைய சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சரி, காம்பு எழுதுவதற்கு ஒரு சாட்டு. நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குப் போய்வந்த கதையை உமக்குச் சொல்லாமல் எனக்கு இருக்க ஏலாது. அதுதான் மிளகாயை அப்படியே வைத்துவிட்டு எழுதக் குந்தியிருக்கிறேன்.

நயினாதீவில் எங்கள் பக்கத்தில் தயிர் என்றால் உம்முடைய தயிர்தான். திருவிழாக் காலத்தில் கடைக்காரர் விடியவே உம்முடைய படலையில் வந்து நிற்பார்கள். சட்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது என்று நீரே விளம்பரம் சொல்லித் திரிவீர். ஒருதரம் பிடித்துக் காட்டி என்னுடைய நல்ல சேலையைப் பாழாக்கியதும் நீர்தான். அதற்குப் பிறகும் அந்த விளம்பரத்தை விட்டீரா? இல்லை. "அண்டைக்கு உறை காணாது" என்று ஒரு சமாதானம் வைத்திருந்தீர்.

உமக்குப் பக்கத்து வீட்டில் எனக்கு இப்படி ஒரு பிள்ளை பிறக்கவேண்டும் என்று இருந்திருக்கிறது. ஏழு மாதத்தில் பசுப்பாலில் கரைத்த கஞ்சி இரண்டு வாய் கொடுத்தேன். உடம்பெல்லாம் தடித்து, சத்தியெடுத்து, கண் வீங்கிப்போனாள். பால் ஒவ்வாமை என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து நீர் அவளைத் தூக்க வருமுன் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவுவீர். பால் கறந்த சட்டையோடு, இரண்டு வளவுக்கும் இடையில் போய்வர விட்டிருந்த வேலிப் பொட்டுக்கு இங்கால வரமாட்டீர். அவள் பேசத் தொடங்கியபோது உமக்கு வைத்த பெயர் தயிரன்ரி. தயிர் தொடக்கூடாத பிள்ளை வைத்த பெயரைப் பாரும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்.

அவளுக்கு நாலு வயது. நான் களைத்துப்போயிருந்த காலம். பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் கேக், கோயிலுக்குப் போனால் பஞ்சாமிர்தம், பள்ளிக்கூடத்தில் பிஸ்கற், தெருவில் ஐஸ்கிறீம் வண்டி. எல்லா இடத்திலும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லுவதே என் தொழிலாகிவிட்டது. கொஞ்சமாய்க் குடுத்துப் பழக்கினால் சரிவரும் என்று ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். அப்பொழுதுதான் நீர் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு பொட்டுக்குள்ளால் ஓடிவந்தீர். பிள்ளையளின்ர குடலுக்குள்ள நல்ல கிருமி குறைஞ்சால்தான் இந்த அலர்ஜி எல்லாம் வருதாம், அந்தக் கிருமி தயிரில இருக்காம், அதுக்குப் பேர் புரோபயோட்டிக்காம் என்று ஒரே மூச்சில் சொன்னீர். பாலில் ஏலாது என்றால் தேங்காய்ப் பாலில் தயிர் போடுவம் என்ற யோசனை உம்முடையது. ஓமெண்டு உடனே தேங்காய் திருவ உட்கார்ந்தது நான்.

உம்முடைய குசினியில் நடந்ததை எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன். முதற்பாலை இளஞ்சூடாக்கி இறக்கினீர். விரல் விட்டுப் பார்த்தீர். பிறகு திரும்பிப் பாராமலே கையை நீட்டி, "அந்தக் கரண்டியைத் தாரும்" என்றீர். சுவர்க் கொழுக்கியில் தொங்கின கரண்டியை எடுத்துத் தந்தேன். நீர் பக்கத்திலிருந்த உம்முடைய தயிர்ச்சட்டியில் ஒரு கரண்டி அள்ளி, தேங்காய்ப்பாலுக்குள் விட்டுக் கலக்கி மூடினீர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பசுப்பால் தயிர். ஒரு கரண்டி. நாலு வருசமாக ஒவ்வொரு பிஸ்கற் பெட்டியின் பின்பக்கத்தையும் கண் நோக வாசித்தவள் நான். எனக்கும் உறைக்கவில்லை.

ஏனென்றால் உறையை நாங்கள் ஒரு சாமானாக எண்ணுவதில்லை. தயிரில் என்ன கிடக்கிறது என்று கேட்டால் பால் என்போம், உறை என்று யாராவது சொல்வார்களா? விளக்குக்கு என்ன வேண்டும் என்றால் எண்ணெயும் திரியும் என்கிறோம், நெருப்புக்குச்சியைச் சேர்த்துச் சொல்வதில்லை. அதைப் போலத்தான். நூறு வீட்டில் கேட்டாலும் நூறு பெண்களும் இந்தப் பிழையை விட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையும்தான். ஆனால் விட்டது நாங்கள் இரண்டு பேர்.

அடுத்த நாள் காலமை அவள் இரண்டு கரண்டி சாப்பிட்டாள். ருசி பிடித்து மூன்றாவதுக்கு வாய் திறந்தவள் இருமத் தொடங்கினாள். உதடு தடித்தது. மூச்சு விசிலடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டது. நீர் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவால் ஓடினீர், நான் செருப்பில்லாமல் பின்னால். ஊர் ஆசுப்பத்திரியில் டொக்டர் தொடையில் ஊசி போட்டார். அதற்குப் பிறகு படகில் குறிகட்டுவான் துறை, அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம். படகு போகும்போது அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே போனேன். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது.

வார்ட்டில் என்ன சாப்பிட்டவள் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா செய்து தந்த தேங்காய்ப்பால் தயிர் என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை, பாரும். அக்கா செய்தது. தந்தது. பக்கத்து வீடு. உறையை எதிலிருந்து எடுத்தது என்று டொக்டர் கேட்டபோதுதான் எனக்கு உயிர் போய் வந்தது. அவவின்ர தயிரிலதான் எடுத்திருப்பா என்றேன். எடுத்திருப்பாவாம்! கண்ணால் கண்ட ஒன்றை, யாரோ சொல்லக் கேட்டதுபோலச் சொன்னேன். பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் அதைத் தாங்க யாராவது ஒருவர் வேண்டியிருந்தது. நான் உம்மைப் பிடித்துத் தள்ளினேன்.

மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. தயிர்க்காரி பிள்ளைக்குப் பசுத்தயிரைக் கலந்து குடுத்துப்போட்டாள் என்று கதை ஓடியது. சுத்தம் இல்லாத சட்டி என்று ஒரு பக்கம், வேணுமெண்டே பழக்கிப் பார்த்தவளாம் என்று இன்னொரு பக்கம். கடைக்காரர் வரவு குறைந்தது. நீர் இரண்டு மாட்டை விற்றீர். நான் வேலிப் பொட்டுக்கு ஓலை வைத்து அடைத்தேன். எட்டு மாதம் உம்மோடு ஒரு சொல் பேசவில்லை. நீர் ஒரு வாய் திறந்திருந்தால் போதும், கரண்டியை எடுத்துத் தந்தது அவதான், பக்கத்தில நிண்டு பாத்தவ என்று. ஊர் என்னையும் சேர்த்துக் கிழித்திருக்கும். நீர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடைத்த ஓலைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். வெட்கக்கேடு.

எட்டாம் மாதம் நீர் முன்படலையால் வந்தீர், விருந்தாளி மாதிரி. கதிரை போட்டும் உட்காரவில்லை. "பிள்ளைக்குப் போடுற ஊசியை எனக்கும் பழக்கிவிடும். நீர் கடைக்குப் போற நேரம் வேற ஆர் இருக்கினம்?" என்றீர். ஆசுப்பத்திரியில் தந்த அட்ரினலின் மருந்தும் சிரிஞ்சும் ஒரு பெட்டியில் எங்கள் வீட்டில் எப்பொழுதும் இருந்தன. எனக்குத் தாதி ஒருவர் பப்பாசிக்காயில் குத்திப் பழக்கியிருந்தார். நான் உம்மை இருத்தி, வெறும் தண்ணீரை ஏற்றி, அதே மாதிரிப் பப்பாசிக்காயில் காட்டினேன். பத்துத் தரம் குத்தினீர். பதினோராவதுக்கு முன், அந்தக் கரண்டி என்று நான் வாயெடுத்தேன். நீர் நிமிரவில்லை.

"பழசைக் கிளறாதையும். ஊசியைக் காட்டும்."

அவ்வளவுதான். மூடின வாயைப் பிறகு நான் திறக்கவில்லை. நீர் வேண்டாம் என்றபடியால் சொல்லவில்லை என்று எனக்கு வசதியாக ஒரு நியாயமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு கிளினிக்குக்கு எங்களோடு நீரும் வரத் தொடங்கினீர். அங்கே டொக்டரை நீர் கேட்ட கேள்விகளுக்கு எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் எனக்கு விளங்கியதெல்லாம் அந்தக் கேள்விகளால்தான். குடலுக்குள் இருக்கிற கிருமிகள்தான் சின்ன வயதிலேயே உடம்பின் நோயெதிர்ப்புச் சக்திக்கு ஆரை உள்ளே விடலாம், ஆரை மறிக்கவேண்டும் என்று பழக்குகின்றன, அந்தப் பழக்கம் பிழைத்தால் காவலுக்கு நிற்பது பாலைப் பார்த்தும் பகையென்று அடிக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "அப்ப காவல்காரனுக்கு வெறி" என்றீர் நீர். டொக்டரே சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். நல்ல கிருமியைக் கொடுத்தால் இந்த ஒவ்வாமை மாறும் என்று இன்னும் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல ஏலாது, ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், எந்தக் கிருமி, எவ்வளவு, எந்தப் பிள்ளைக்கு என்பதெல்லாம் தெரியவேண்டும், அதுவரை பாலைத் தவிர்ப்பதும் ஊசியைக் கையில் வைத்திருப்பதும் வருசாவருசம் சோதித்துப் பார்ப்பதும்தான் வழி என்றார். வளர வளர நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகவே விட்டுப்போகும் என்றும் சொன்னார். கனடாவிலிருந்து உம்முடைய தம்பி அனுப்பிய புரோபயோட்டிக் குளிசைப் போத்தலை நீர் பையிலிருந்து எடுத்து நீட்டினீர். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, இதிலும் பால் சேர்ந்திருக்கு என்று திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து அந்தப் போத்தலை நீர் எறிந்த எறியில் பின்வளவு நாய் இரண்டு நாள் வரவில்லை.

மருந்தில்லை என்றால் சாப்பாடாகவாவது இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றீர். பிள்ளைக்குத் தயிர் ருசி பிடித்தது, அந்த ருசி அவளுக்கு வேண்டும் என்றீர். பாலே படாத உறைக்கு என்ன செய்வது? மிளகாய்க் காம்பு போட்டால் உறையும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டீர். மாட்டுப்பால் படாத புதுச்சட்டி, புதுக்கரண்டி, என்னுடைய குசினி. முதல் சட்டி நூல் நூலாக இழுபட்டது. இரண்டாவது மணத்தில் நான் வெளியே ஓடினேன். மூன்றாவது உறைந்தது, ஆனால் உறைப்பு. கடைசியாக ஒருநாள் மூடியைத் திறந்தபோது வெள்ளையாக, அசையாமல் கிடந்தது. முதல் கரண்டியை நீர் சாப்பிட்டீர், இரண்டாவதை நான். மகளுக்குக் கொடுக்குமுன் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தோம். அவள் சின்ன முகத்தைச் சுளித்து, பழைய தயிர்தான் நல்லம் என்றாள். நீர் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தீர். கண் சிவந்திருந்தது.

இரத்த அழுத்தம் என்று குளிசை எழுதித் தந்திருந்தார்கள். நீர் ஒழுங்காகப் போடவில்லை. மற்றவர்களின் பிள்ளைக்கு ஊசி பழகத் தெரிந்தது, உமக்கு ஒரு குளிசையை நேரத்துக்கு விழுங்கத் தெரியவில்லை. இதில் எனக்கு உம்மோடு இன்னும் கோபம்தான். மாட்டுக்கொட்டிலில் விழுந்தீர், இரண்டாம் நாள் போய்விட்டீர். செத்தவீட்டில் பின்வரிசையில் இருந்த இரண்டு பேர், நல்ல மனிசிதான், அந்தப் பிள்ளையின்ர விசயத்திலதான் பிழைவிட்டவ என்று கதைத்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகையைச் சாட்டாக வைத்து அப்பொழுதும் பேசாமல் இருந்தேன்.

இப்பொழுது அவளுக்கு ஒன்பது. இரத்தச் சோதனையில் குறைந்து வருகிறது, கேக்கில் வெந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வார்ட்டில் வைத்துப் பார்ப்போம் என்று டொக்டர் சொன்னார். மகளின் அப்பா வவுனியாவிலிருந்து தொலைபேசியில், இப்ப என்ன குறை, நல்லாத்தானே இருக்கிறாள், ஏன் போய் வில்லங்கத்தை விலைக்கு வாங்குவான் என்றார். இவள் நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடம், பிறகு விடுதி என்று போவாள், அங்கேயெல்லாம் என்னுடைய கண் போகாது, எவ்வளவு தாங்கும் என்று தெரிந்திருக்கவேண்டும் என்றேன். போவது என்று முடிவெடுத்தேன். எட்டு வருசத்துக்குப் பிறகு முதல் தரமாக என் குசினிக்குள் பசுப்பால் வந்தது. அவர்கள் எழுதித் தந்த அளவில் கேக்கை நானே சுட்டேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு, மகளை மாமி வீட்டில் விட்டுவிட்டு, ஏதோ களவுவேலை செய்கிற மாதிரி.

நேற்று வார்ட்டில் எல்லாம் ஆயத்தம். ஊசி, ஒட்சிசன், பக்கத்தில் தாதி. கேக்கைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் துண்டு சோற்றுப் பருக்கை அளவு, டொக்டர் தட்டில் வைத்தார். மகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், பேசினேன். அவள் என்னைப் பாராமல் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"தயிரன்ரியும் ஒண்டும் செய்யாது எண்டுதானே தந்தவ."

அவள் உம்மோடு எவ்வளவு வாரப்பாடு என்று உமக்குத் தெரியும். உம்முடைய மடியில்தான் எழுத்துப் பழகினாள். ஆனால் ஊர்க் கதையும் அவளுடைய காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது. அன்பு வைத்தவர்களே நஞ்சு தருவார்கள் என்று என் பிள்ளை அத்தனை வருசமும் நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். அதை அவளுக்குள் போட்டது நீர் இல்லை, என்னுடைய பேசாத வாய். டொக்டரும் தாதியும் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அவ மட்டும் இல்லை. அந்தக் கரண்டியை எடுத்துக் குடுத்தது அம்மா. பக்கத்தில நிண்டு பாத்தனான். ரெண்டு பேருக்கும் விளங்கேல்லை. அவ ஆருக்கும் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. நான்தான் அவவை விட்டுட்டு நிண்டனான்."

அவள் கண்ணைத் தட்டிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு, ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை என்று கேட்டாள். பயம் என்றேன். அன்ரியிட்ட மன்னிப்பும் கேக்கேல்லையா என்றாள். அவ கேட்க விடேல்லை, நானும் அதைச் சாட்டா வைச்சிட்டன் என்றேன். மாமி, அப்பா, ஊர் எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் யோசித்தாள். உம்மைப் போலவே புருவத்தைச் சுருக்கி யோசிக்கிறாள், அது எங்கே பிடித்தாளோ. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே எடுத்து வாயில் போட்டாள்.

நாலு துண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் இடையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தோம். ஐந்தாவதுக்குக் கழுத்தில் மூன்று தடிப்பு எழும்பியது. டொக்டர் நிறுத்தி, மருந்து கொடுத்து, பின்னேரம் வரைக்கும் வைத்துப் பார்த்தார். மூச்சுக்கு ஒன்றும் இல்லை, ஊசி தேவைப்படவில்லை. அன்றைக்கு இரண்டு கரண்டியில் தொண்டை மூடின பிள்ளை இன்றைக்கு இவ்வளவு சாப்பிட்டிருக்கிறாள், வீட்டில் ஒன்றும் கொடுக்கவேண்டாம், வருகிற வருசம் திரும்பப் பார்ப்பம் என்றார். காம்புத் தயிரால்தானா இது குறைந்தது என்று கேட்டேன். அப்படிச் சொல்ல ஏலாது என்றார். இன்னொரு மாதிரிக் கேட்டேன். ஏலாது என்றார். மூன்றாம் தரமும் கேட்டேன், உமக்காகத்தான். வயதோடு விட்டுப்போகிறது என்று நினைக்கிறேன், தயிர் கெடுதல் செய்யவில்லை, அதற்கு மேல் பொய் சொல்லமாட்டேன் என்றார். ஆகவே நானும் உமக்குப் பொய் எழுதவில்லை. ஆனால் அந்தத் தயிர் இப்பவும் எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு தரம் உறைகிறது. அடுத்த வருசமும் வருவம், ஆறாவது துண்டு வரைக்கும் போகவேணும் என்று மகள் சொல்லிவிட்டாள். நானும் அதில்தான் நிற்கிறேன்.

குறிகட்டுவானில் கடைசிக்கு முந்தின படகு கிடைத்தது. நெருக்கம். எங்கள் தெருவில் முந்தி இருந்த ஒரு மனிசி எதிரே இருந்தா. எங்கே போய் வருகிறீர்கள் என்று விசாரித்து, ஆசுப்பத்திரி என்று தெரிந்ததும் மகளின் தலையைத் தடவினா. அண்டைக்குத் தயிர் குடுத்து உயிரெடுக்கப் பாத்தாளே, அந்தப் பிள்ளைதானே இது என்று பக்கத்தில் இருந்தவவுக்கும் சேர்த்துச் சொன்னா. நான் வாய் திறக்கவேண்டும் என்று மூச்சை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் மகள் முந்திவிட்டாள்.

"அவ தனியச் செய்யேல்லை. அம்மாதான் கரண்டி எடுத்துக் குடுத்தவ."

படகே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த மனிசிக்கு எஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லைப் போல, என்ன பிள்ளை சொல்லுது என்று என்னைக் கேட்டா. "ஓம், நான்தான் எடுத்துக் குடுத்தனான்" என்றேன். கடைசி வாங்கிலில் இருந்தவர் காதைக் குடுத்து, என்னவாம் என்றார். எழும்பி நின்று, அவருக்கும் கேட்கும்படி இன்னொருக்காச் சொன்னேன்.